சிவப்புக் கோடு இல்லாத போல்ட்டு

விடிந்தும் விடியாத நேரத்தில் மெக்கானிக்கும் பஞ்சர்காரரும் நானும் ஷட்டரைத் தூக்கினோம். மண்ணெண்ணெய் வாளிக்குள் கையை விட்டதுமே விரல் வெடிப்புகள் எரிந்தன. பைக் ஒர்க்‌ஷாப்பில் சாமான் கழுவுவது என் வேலை. சண்டை போட்டு வாங்கிய முதல் ஞாயிறு விடுமுறை முடிந்து வந்திருந்தோம்.

தலைமை மெக்கானிக்கைச் சிடுமூஞ்சி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூலையில் நின்ற பைக்கை உதைத்தார். கிக்கர் தொளதொளவென்று இறங்கியது.

"கம்ப்ரஷனே இல்ல. சனிக்கிழமை பிரேக் மட்டுந்தான பாத்தேன்? நல்லாத்தான ஓடுச்சு!"

இன்ஜின் மேல்மூடியைத் திறந்தார். டைமிங் செயின் இரண்டு பல் தள்ளி மாட்டியிருந்தது. வால்வுகள் உட்கார்ந்திருக்கும் ஹெட்டையும் கழற்றினோம். பிஸ்டன் தலையில் பிறை பிறையாக இரண்டு வெட்டு. ஹெட்டின் துளையில் பெட்ரோல் ஊற்றினார். வால்வு ஓரமாக ஒழுகியது.

"வால்வு வளைஞ்சிருச்சு. பிஸ்டன்ல போயி இடிச்சிருக்கு. எவனோ படுபாவி பிரிச்சு மாட்டிருக்கான்."

முதலாளி உள்ளே வந்ததே கூச்சலோடுதான்.

"உன் லட்சணத்தப் பாத்தியா? லீவு லீவுன்னு குதிச்சுட்டு, இன்ஜின நாசம் பண்ணிட்டுப் போயிருக்க. ஒம்போது மணிக்கு வண்டிக்காரர் வர்றாரு. தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டு நடையைக் கட்டு. இந்தத் தெருவுல எவனும் உனக்கு வேலை குடுக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்."

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பதினெட்டு வருடம் இந்தத் தெருவில் உழைத்த மனிதர்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முடுக்கியவர் அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார். குப்பி என்னுடையது. ஒருநாளும் குனிந்து பார்க்காத முதலாளிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பிரேக் நட்டில் கோடு இருந்தது. தட்டில் கிடந்த ஹெட் போல்ட்டுகளில் ஒன்றிலும் இல்லை. முதலாளியின் கையைப் பார்த்தேன். நக இடுக்கில் கிரீஸ். அது லேசில் போகாது, எனக்குத் தெரியாதா!

குப்பியை நீட்டினேன். "யாரு முடுக்குனாங்களோ அவங்க கோடு போடணும். போடுங்க மொதலாளி."

அவர் முகம் கறுத்தது. "ஆமா, நேத்து நான்தான் பாத்தேன்! நீங்க வரலன்னா கடை நின்னுருமா? போன்ல வீடியோ பாத்தா எவனும் செய்யலாம் இந்த வேலைய!"

"அப்ப மிச்சத்தையும் வீடியோ பாத்தே செஞ்சுக்கங்க" என்றார் பஞ்சர்காரர். கையிலிருந்த டயர் கழற்றும் லீவரைத் தரையில் போட்டார்.

"திமிரா? இப்பவும் சொல்றேன், அவன்தான் எழுதிக் குடுக்கணும். இல்லன்னா மூணு பேருமே வெளிய போங்க!"

போனோம். போகும்போது அந்த ஹெட்டையும் போல்ட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு போய், வாசல் பலகையில் வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். வண்டிக்காரர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

"வேலை போச்சுன்னே வச்சுக்க" என்று அண்ணன் முனகினார்.

"போனா மூணு பேரு வேலையும் சேந்து போகட்டும்ணே" என்றேன்.

உள்ளே முதலாளி யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். எதிர் லேத் பட்டறையில் மிஷின் நின்றது. அங்கிருந்து இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஹெட்டைத் தூக்கி வளைந்த வால்வைப் பார்த்தார்கள். எங்களோடு நின்றுவிட்டார்கள்.

சிடுமூஞ்சி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்னா நிக்கிறீங்க?" என்று லேத்காரர்களைக் கேட்டவர், "நவுந்து உக்காரும்மா, பலகையில எடம் கெடக்குது" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.