மீட்டர் என்ன விலை

மொட்டைமாடிக் கொடியில் அதைக் காணவில்லை. ஜெபகுமாரின் வேட்டி, இரண்டு துண்டு, தலையணை உறை எல்லாம் அப்படியே படபடத்துக்கொண்டிருந்தன. துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த கறுப்பு டைட்ஸ் மட்டும் இல்லை. ஷெர்லின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். ஆனி மாதத்து மேல்காற்று போடியில் எதையும் விட்டுவைப்பதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு ராக்கு அக்காவின் பாவாடையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் கரண்டுக் கம்பத்தில் மாட்டிவிட்டிருந்தது. சந்து காலியாகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள், படிக்கட்டுக்கு அடியில் பார்த்தாள், பார்த்த இடத்தையே மறுபடியும் பார்த்தாள். பிறகுதான், ஜெபகுமார் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் எதற்கோ மாடிக்கு ஏறி இறங்கியது நினைவுக்கு வந்தது.

சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்தாள். பஜாரில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டிகள் நின்று வழியை அடைத்திருந்தன. தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் பேச்சுக் கொடுத்தார்கள். என்ன பதில் சொன்னோம் என்று அடுத்த நிமிடமே அவளுக்கு மறந்துபோனது.

அவர்களுடையது ஜவுளிக்கடை. ஜெபகுமாரின் அப்பா காலத்துக் கடை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். உள்பாவாடை, நைட்டி, ரவிக்கைத் துணி வாங்க வரும் பெண்களில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். ஆள் படியேறும்போதே கை சரியான கட்டுக்குப் போய்விடும். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகும்வரை அந்த நாற்காலி அவளுக்கு ஒரு நாற்காலியாக மட்டும்தான் இருந்தது. மகள் போனபிறகு அதில் உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடும். மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடிப்பாள். ஞாயிறு ஆராதனையில் சபை ஐயர் பிரசங்கம் செய்யும்போது எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருக்கும். ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பாள். தைராய்டா என்று பார்த்தார்கள், இல்லை.

துபாய்க்குப் போன தம்பி விட்டுச்சென்ற கியர் சைக்கிள் ஒன்று மாடிப்படிக்குக் கீழ் தூசி படிந்து நின்றது. ஒரு விடிகாலையில், ஏன் என்று தெரியாமலே அதை எடுத்துக்கொண்டு குரங்கணி ரோட்டில் போனாள். திரும்பி வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம் வரை தூங்கினாள். ஜெபகுமார் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அன்றிலிருந்து விடாமல் ஓட்டினாள். சுடிதார் பேன்ட்டைச் செயின் தின்றது. லெகிங்ஸ் போட்டாள். கொஞ்ச நாளில் தொடையிடுக்கில் தோல் உரிந்து புண்ணானது. கல்லாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது. இணையத்தில் பார்த்து மலிவாக மெத்தை வைத்த கால்சட்டை ஒன்று வாங்கினாள். அதன் பஞ்சு ஒரே மாதத்தில் கட்டி கட்டியாகத் திரண்டு இன்னும் அதிகமாக அறுத்தது. இன்னொன்று வாங்கினாள். அதுவும் அப்படித்தான். தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "சைக்கிள விட்ருங்களேன், இந்த வயசுல எதுக்கு?" என்றார். வேறு யாரிடம் இதைச் சொல்வது? ஜெபகுமாரிடம் சொன்னாலும் அதையேதான் சொல்வார் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே மெத்தையும் தோள்வாரும் வைத்துத் தைத்த அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் டைட்ஸ். விலையைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் பார்த்தாள். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்த டேப்பால் தன் இடுப்பையும் தொடையையும் கால் நீளத்தையும் அளந்தாள். ஊருக்கெல்லாம் அளவு பார்த்தவள் தன்னை அளந்துகொண்டது அதுதான் முதல் தடவை. பார்சல் வந்த மறுநாள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கேயாவது வலிக்கும், எப்போது வலிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே முந்தல் வரை மிதித்தாள். வலிக்கவே இல்லை. உடம்பில் ஒன்றைப் போட்டிருப்பதே தெரியவில்லை. எப்போதும் முந்தல் செக்போஸ்டோடு திரும்பிவிடுவாள். அதற்கு மேல் மலை. அன்று அங்கே நின்று, வளைந்து வளைந்து போடிமெட்டுக்கு ஏறும் ரோட்டை அண்ணாந்து பார்த்தாள். ஒரு சனிக்கிழமை ஏறிவிடுவது என்று முடிவு செய்தது அப்போதுதான்.

கடையின் முன்புறத்தில்தான் டெய்லர் வீரையாவின் தையல் மிஷினும் வெட்டுப்பலகையும். அந்தப் பலகையின் மேல் கிடந்தது அவளுடைய டைட்ஸ். இரண்டு கால்களும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. தோள்வார் ஒரு ஓரம். உள்ளே இருந்த மெத்தையை எடுத்துக் காக்கித் தாளில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார் வீரையா.

"வா தாயி," என்றார் முகம் மலர்ந்து. "மொதலாளி பிரிச்சுப் பாக்கச் சொன்னாரு. இதே மாதிரி ஆறு தைக்கணுமாம் ஒனக்கு. துணிகூடத் திருப்பூர்ல இருந்து வந்திருச்சு."

ஷெர்லின் பலகையில் கிடந்த தோள்வாரைக் கையில் எடுத்தாள். கடைக்குள் அமுதவள்ளி நைட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் வேலைக்குப் போய்வருகிறவள். பல வருட வாடிக்கை. அவள் பலகையில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்து, "என்னக்கா இது, இம்புட்டு வழுவழுன்னு? அட்டை கடிக்காம இருக்கப் போட்டுக்கலாம் போலயே. என்ன வெல?" என்று கேட்டாள்.

"ஐநூறு," என்றாள் ஷெர்லின். வாயிலிருந்து தானாக வந்தது.

"ஐநூறா? அப்ப நாஞ் சம்பளம் வாங்கிட்டு வர்றேன்."

அமுதவள்ளி போகும்வரை காத்திருந்தாள். உள்ளேயிருந்து வந்த ஜெபகுமார், வீரையாவை டீ குடித்து வரச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு பரிசை ஒளித்து வைத்திருப்பவரின் சிரிப்பு இன்னும் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொதித்தது.

"கேட்டுட்டுச் செய்யணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேட்டா வேணாம்பே. ஒத்தத் துணிய வச்சுக்கிட்டுத் தெனமும் தொவச்சு, துண்டுக்குள்ள ஒளிச்சுக் காயப் போடுற. நான் ஜவுளி யாவாரி. எம்பொண்டாட்டி எங்கயோ இருந்து துணி வாங்கி உடுத்தணுமா?"

"அது சும்மா துணி இல்லங்க."

"எனக்குத் தெரியாத துணியா? மீட்டர் என்ன வெலன்னு தொட்டாச் சொல்லிருவேன். நூல் நல்ல நூலுதான், இல்லைங்கல. ஆனா எங்கிட்ட ஆயிரத்தி எண்ணூறுன்னு சொன்ன பாரு, அன்னைக்கே தெரியும், அது பொய்யின்னு. எவ்வளவு?"

"பதினாலாயிரம்."

ஜெபகுமார் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"பதினாலாயிரத்துக்கு நான் ஒரு பட்டு எடுத்திருந்தா ஏதாச்சும் கேட்டிருப்பீங்களா?" என்றாள் ஷெர்லின். "போன கிறிஸ்மஸ்க்கு நீங்களா எடுத்துக் குடுத்தது அதவிட ஜாஸ்தி."

"பட்டு பொட்டிக்குள்ள இருக்கும்மா. நாளைக்கே வித்தாலும் சரிகைக்கு ஒரு வெல உண்டு. இது ரெண்டு வருசத்துல தேஞ்சு போகும்."

"ஆமா. பட்டு பொட்டிக்குள்ளதான் இருக்கும்."

வீரையா டீ குடித்துவிட்டு வந்து, இருவரின் முகத்தையும் பார்த்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேலையைத் தொடரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

வாரம் முழுவதும் வீட்டில் சாப்பிட வாங்க, தண்ணி வந்துருச்சு, கரண்டு பில் கட்டியாச்சு என்ற அளவில்தான் பேச்சு. அவள் சைக்கிள் எடுக்கவில்லை. எடுக்காத உடம்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். அலமாரியை ஒழித்து அடுக்கினாள், அது பிடிக்காமல் மறுபடி ஒழித்தாள். தையல் பிரிந்து கிடந்த அந்தத் துணியை நினைக்கும்போதெல்லாம் யாரோ தன்னையே பலகையில் போட்டு அளவெடுத்தது போல ஒரு கூச்சம் வந்தது. அவர் செய்தது ஆசையில் செய்தது என்பதும் தெரிந்தது. ஆசையில் செய்ததால்தான் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. பதினாலாயிரம் அதிகம்தான். அதையும் அவளால் மறுக்க முடியவில்லை. ஐநூறு என்று அமுதவள்ளியிடம் சொன்னது வேறு உள்ளே முள்ளாகக் கிடந்தது. நிஜ விலையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் எத்தனை நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டிருப்பாள். அதற்குப் பயந்துதான் அந்தப் பொய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிலில் கடைப்பை ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு உருப்படி. ஒன்று பழையது, திரும்பத் தைத்தது. கம்பெனித் தையல் தோலோடு தோலாகத் தட்டையாகப் படிந்திருக்கும். வீரையாவின் மிஷினில் அது வராது. பிரித்த இடமெல்லாம் நரம்பு புடைத்தது போல எழும்பி நின்றது. இன்னொன்று புதிது. அதே அளவு, அதே வெட்டு. மெத்தைக்கு எங்கிருந்தோ நல்ல பஞ்சு தேடிப் பிடித்திருந்தார்கள். அதைச் சுற்றி வீரையா ஒருமுறைக்கு இருமுறை தைத்திருந்தார். விரலால் தடவிப் பார்த்தாள். நல்ல வேலை. கடையில் தொங்கவிட்டிருந்தால் அவளே எடுத்துக் கொடுத்து விற்றிருப்பாள்.

சனிக்கிழமை இருட்டுப் பிரியும் முன் எழுந்து புதியதைப் போட்டுக்கொண்டாள். மேலே நீளமான டீ சர்ட். இது தோற்க வேண்டும் என்று போடுகிறாளா, ஜெயிக்க வேண்டும் என்று போடுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் ஜெபகுமார் ஸ்கூட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"நானும் வர்றேன். பின்னாடியே வர்றேன், நீ பாட்டுக்குப் போ."

"எதுக்கு?"

"பாக்கணும்," என்றார்.

முந்தல் வரை ஸ்கூட்டர் வெளிச்சம் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. செக்போஸ்டைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவிலேயே மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. இரண்டாவது வளைவில், திரும்பிவிடலாம் என்று உடம்பு சொன்னது. பிறகு உடம்பு எதுவும் சொல்லவில்லை. மிதி மட்டும் இருந்தது. தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கடந்தன. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தூக்குவாளியை மடியில் இடுக்கியபடி அவர்கள் இவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அமுதவள்ளி கையை நீட்டிக் கத்தினாள்: "அக்கோவ்! ஏறிக்கங்கக்கா, சைக்கிள மேல கட்டிக்கிருவோம்! எதுக்கு இந்தக் கஷ்டம்?" உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஷெர்லினும் சிரித்தாள். பதில் சொல்ல மூச்சில்லை.

காட்டுமரங்கள் தொடங்கும் ஒரு வளைவில், ஜெபகுமார் முந்திக்கொண்டு போய்த் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அவள் ஒரு காலை ஊன்றி நின்று மடக் மடக்கென்று குடித்தாள்.

"எப்படியிருக்கு?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மலை இறங்கும்வரை மனுஷன் விசில் அடித்துக்கொண்டு போவார். அந்த ஒரு வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது.

"முந்தல் தாண்டுற வரைக்கும் ஒண்ணுமே தெரியல," என்றாள். "நெசமாவே நல்லா இருந்துச்சு. இப்ப எடது பக்கம் தையல் அறுக்குது."

அவர் குனிந்தார். எந்த இடம் என்று பார்க்க விரல் தானாக நீண்டது. அதற்குள் இன்னொரு ஜீப்பு வளைவில் திரும்பவே கையைச் சடாரென்று இழுத்துக்கொண்டு, சைக்கிள் டயரைப் பார்ப்பது போல அமுக்கினார். ஜீப்பு போனபிறகும் அவர் நிமிரவில்லை.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரன் அவ்வளவு காசு வாங்குறது நியாயந்தானா?"

"தெரியலங்க. தையலுக்கு எவ்வளவு, பேருக்கு எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?"

"இது அறுக்குதுன்னா எறங்கிரு. இன்னொரு நாள் ஏறிக்கலாம்."

"இல்ல," என்றாள். "என்னால நிக்க முடியல. நின்னாத்தான் ரொம்ப வலிக்குது."

அவர் தலையாட்டினார். நான் இறங்கிப் போய்க் கடையைத் திறக்கிறேன், வெரசா வந்துரு என்றார். பாட்டிலை அவள் கையில் கொடுக்கும்போது, "எங்கிட்ட ஆயிரத்தி எண்ணூறுன்னு சொன்னியே," என்று எதையோ தொடங்கினார். பிறகு, "சரி, போ," என்றார்.

அவள் ஏறினாள். அறுக்கும் இடம் ஒவ்வொரு மிதிக்கும் தன் இருப்பைச் சொன்னது. எழுந்து நின்று மிதித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மேலிருந்து மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கி வந்து ரோட்டைத் துண்டு துண்டாக மறைத்தது. ஏலச்செடியின் ஈர வாசம் வரத் தொடங்கியது. மேலே இன்னும் எத்தனை வளைவு என்று அவள் எண்ணவில்லை. ஒரு திருப்பத்தில் கால் பிடித்துக்கொள்ளவே சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்து நின்றாள்.

கீழே எட்டிப் பார்த்தபோது, தண்ணீர் குடித்த வளைவில் ஸ்கூட்டர் மட்டும் தனியாக நின்றது. ஆளைக் காணோம். கண்ணால் துழாவினாள். அதற்கு மேல் வளைவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெபகுமார் நடந்து ஏறி வந்துகொண்டிருந்தார். கடை திறக்க இறங்கிப் போகவில்லை. வீட்டிலிருந்து கடைக்குக்கூட ஸ்கூட்டரில் போகிற மனுஷன். பத்தடி நடந்ததும் நின்று இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கினார். மேலே பார்க்கவில்லை. செருப்பு ஒன்றில் வார் வழுக்கியிருக்க வேண்டும், குனிந்து அதைச் சரிசெய்தார். மறுபடி நடந்தார்.

கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் மஞ்சு வந்து அவரை மூடியது. அது விலகுவதற்காகக் காத்து நின்றாள். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலின் மேல். பெடலில் இருந்த கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை கலைந்தது. அவர் இப்போது இன்னும் ஒரு வளைவு மேலே வந்திருந்தார்.