பெஞ்சில் கிடக்கும் குழந்தை

"அதுல உன் பேர் எழுதியிருக்கா? எங்கேயாவது ஒரு எழுத்து இருந்தா..."

"பேர் எதுக்குக்கா எழுதணும், அதான் ஓரத்துல எறும்பு வரிசை..."

"உலகத்துல இருக்கற எறும்பெல்லாம் உன் சொந்தமா?"

"என்னைக் கொஞ்சம் பேச விடறியா?"

அக்கா பேச விடுகிறவள் இல்லை. அவள் ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு, மங்கிய படத்துக்கு மறுபூச்சுப் பூசிக்கொண்டிருந்த தூரிகையை ஆட்டுகிறாள். தங்கை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கோலத்திலேயே, தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் தெருவில் நிற்கிறாள். எதிர்வீட்டுக்காரி கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, மீதிக் கால்வாசியில் காதை வைத்திருந்தாள்.

அந்த ஊரில் வெளிச்சுவரெல்லாம் படம்தான். செம்மண், கரி, சுண்ணாம்பு என்று மூன்றே நிறம். படத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரே முகம், ஒரே கண். உடையின் ஓரத்தை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடியும். ஒரு வீட்டுக்கு ஏணி, ஒரு வீட்டுக்கு மீன்முள், இவர்கள் வீட்டுக்கு எறும்பு. அக்காவுக்கு ஒற்றை வரிசை, தங்கைக்கு இரட்டை. பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் அலங்காரம். ஊருக்குள் அதுதான் பெயர்ப்பலகை.

அக்கா வீட்டுச் சுவரில் மூன்று கட்டம். முதலாவதில் பஸ் நிலையத்துப் பெஞ்சு, அதன்மேல் துணி சுற்றிய குழந்தை. அடுத்ததில் பஸ், ஜன்னலோரம் ஒரு பெண். கடைசியில் அதே பெண் தலைவிரிகோலமாகச் சாலையில் ஓடுகிறாள். மூன்றிலும் இரட்டை எறும்பு.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. தங்கையின் புருஷன் வேலைக்காகக் கண்காணாத ஊரில் இருந்தான். கைக்குழந்தை இரண்டு மாதமாகக் கண்ணை மூட விடவில்லை. ஒரு மத்தியானம் குழந்தையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அப்புறம் இறங்கி ஓடி வந்தாள். குழந்தை இருந்தது. யாரோ வெயில் படாமல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். இதை அவள் ஒரே ஒரு ஜீவனிடம்தான் சொன்னாள், அதுவும் மடியில் முகம் புதைத்துக்கொண்டு. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்டி என்று முதுகைத் தடவிக் கொடுத்தவள்தான் இந்த ஏணியில் நிற்கிறாள்.

போன வருஷம் ஊர்ச் சுவர்ப்படப் போட்டியில் இந்தச் சுவருக்குத்தான் முதல் பரிசாம். சுற்றிக் காட்டுகிற ஆள் எல்லாரையும் இங்கேதான் அதிக நேரம் நிறுத்துகிறானாம். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்காமல் யாரும் வேன் ஏறுவதில்லை என்று அக்கா சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமையும் இருந்தது.

"என் வயித்தெரிச்சல்தான் கிடைச்சுதா உனக்கு?"

அக்கா கீழே இறங்கினாள்.

பன்னிரண்டு மணி வேனில் தங்கையின் மகள் வருகிறாள், காலேஜ் வகுப்போடு. நீயும் வாம்மா, பெரியம்மா வீட்டில் சந்திக்கலாம் என்று அவள்தான் வற்புறுத்தி அழைத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் நோட்டு அட்டைகளிலெல்லாம் அம்மா இரட்டை எறும்பு போட்டுக் கொடுத்தது உண்டு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

ஏணியடியில் சுண்ணாம்பு வாளி இருந்தது. தங்கை பையைத் தெருவிலேயே போட்டாள். வெள்ளையடிக்கும் பட்டை மட்டையை எடுத்து முக்கினாள்.

"அழிக்கறதுன்னா அழி. ஆனா அந்தக் குழந்தை என் கை இல்ல. கிட்டப் போய்ப் பாரு."

பார்த்தாள். அக்காவின் கோடு ஒரே இழுப்பில் போகிறது. குழந்தையைச் சுற்றிய துணியின் கோடு மட்டும் நாலு இடத்தில் நின்று நின்று, தயங்கித் தயங்கிப் போயிருந்தது. அடியில் பென்சில் தடம்.

அக்கா மென்று விழுங்கிச் சொன்னாள். போன வருஷ லீவில் தங்கையின் பெண் பத்து நாள் இங்கே தங்கினாள் அல்லவா, அப்போது பஸ்ஸும் ஓடுகிறவளும் மட்டும் முடிந்திருந்தது. எறும்பைப் பார்த்ததுமே, இது அம்மாவா என்று கேட்டுவிட்டாள். அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. பெண் அழவில்லை. மறுநாள் பூராவும் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெஞ்சில் தன்னைத் தானே வரைந்தாள். அம்மாகிட்ட சொல்லாதீங்க என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

தங்கை கையில் மட்டை அப்படியே நின்றது. ஒரு வருஷம். மகள் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். செருப்பு கடிக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறாள். இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அக்கா செய்தது துரோகம் என்று வாய்விட்டுச் சொல்லலாம். மகள் செய்ததை என்னவென்று சொல்வது? சொல்ல இவளுக்கு வாய் ஏது?

சுண்ணாம்பு முழங்கை வழியாக வழிந்தது. தெருமுனையில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெண்பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது.

அக்கா அருகில் வந்து, மட்டையை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா என்கிட்ட. எத்தனை ஸ்டாப் போனப்புறம் அம்மா இறங்கினாங்கன்னு. எனக்குத் தெரியாது, அவகிட்டயே கேளுன்னுட்டேன். அதுக்குத்தான் உன்னை வரச் சொல்லியிருக்கா. முதல்ல எனக்குச் சொல்லுடி, எத்தனை?"