சகலை வாங்கிய கேடயம்

நாட்டின் வருடாந்தரக் குற்றப் புள்ளிவிவர அறிக்கை வெளியான நாளிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அதையொட்டி, மாவட்டத்திலேயே திருட்டு குறைவான காவல் நிலையம் என்று பக்கத்து நிலையத்துக்குக் கேடயம் கொடுத்திருந்தார்கள். அங்கே இன்ஸ்பெக்டர் வேறு யாருமில்லை, அவருடைய சகலைதான். திருட்டு என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம், பொருள் தொலைந்துவிட்டதாக எழுதி வாங்கிக்கொள்வான். தொலைந்தது குற்றக் கணக்கில் ஏறாது. இவரோ வந்த புகாரையெல்லாம் அப்படியே பதிவுசெய்து, கூட்டத்துக்குக் கூட்டம் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பாத்துக் கத்துக்கங்க," என்று மனைவி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

கேடயத்துக்காகச் சகலை தன் வீட்டில் விருந்து வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், இவருடைய ஸ்கூட்டரைக் காணோம். அறுபட்ட பூட்டு மட்டும் கிடந்தது. இவருக்கு உள்ளுக்குள் அப்படியொரு குளிர்ச்சி. விருந்தாளிகள் காதில் விழட்டும் என்று கத்தினார்.

"திருட்டு சகலை, திருட்டு! தொலைஞ்சதுன்னெல்லாம் எழுதித் தர மாட்டேன். இப்பவே கேஸ் போடுங்க."

"கண்டிப்பா போடணும். வண்டிய எங்க விட்டிருந்தீங்க?"

"உங்க வாசல்ல இடம் ஏது? தெருவுக்கு எதிர்ச் சாரியிலதான்."

சகலை அவர் தோளில் பாசமாகக் கை போட்டான்.

"அந்தச் சாரி உங்க ஸ்டேஷன் எல்லையாச்சே சகலை. ஏற்கெனவே உங்க கணக்கு எகிறிக் கெடக்கு. பேசாம, தொலைஞ்சதுன்னு எழுதிக்கங்களேன்?"