செத்தவர்கள் ஏன் திரும்பிப் பார்த்தார்கள்?

முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வருகிறவனை நான் நம்புவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சாம்பல் சாயம் பூசி, நல்ல சட்டையைத் தாங்களே கிழித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஜாம்பிகளாம், எழுந்து நடக்கிற பிணங்கள். எல்லாம் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். ஒருவன் மண்டையில் ரப்பர் கோடாலி.

அவர்கள் பார்க்க வந்தது ஒரு பழைய படம். நானும் என் பெண்டாட்டி மேவிஸும் கல்யாணம் ஆகாதவர்களாக இருந்த காலத்தில், தேம்ஸ் ஆற்றோரம் ஒரு பாழடைந்த மாளிகையில் எடுத்தார்கள். மேவிஸ் அதில் பிணமாக நடித்தாள். அதற்காக இப்போது ரசிகர் சங்கத்தார் அவளைச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமுடியைச் சுருட்டிவிட்டு, புது நீலக் கோட்டு வாங்கி, சமையலறை மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுப் பழகினாள். என்னைக் கூட்டிப்போக ஒரே ஒரு நிபந்தனை.

"வாய மூடிக்கிட்டு வரணும், வில்ஃப். நான் படத்துல நடிச்சேன்னு சொன்னப்பல்லாம் சிரிச்சே. இந்த ஒரு நாள் எனக்கு விடு."

"உன்னக் கிண்டல் பண்ணத்தான்டி கூப்பிடுறாங்க."

"பண்ணட்டும். நீ பண்ணாததையா பண்ணிடப் போறாங்க?"

படம் ஓடியது. தும்மினால் ஆடுகிற அட்டைக் கல்லறைகள். புகை மூட்டம். குழியிலிருந்து பிணங்கள் எழுந்து வருகின்றன, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில். எங்கள் இங்கிலீஷ் ஆட்கள் செத்தாலும் இடித்துக்கொண்டு போக மாட்டார்கள். "முண்டியடிச்சு வாங்கய்யா!" என்று படம் எடுத்த அன்றைக்குக் கத்திக் கத்தி டைரக்டருக்குத் தொண்டை போனது, அவர்கள் "நீங்க முதல்ல போங்க" என்று வழிவிட்டுக்கொண்டு நின்றார்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு கோளாறுக்கும் கொட்டகை கைதட்டியது. அதற்குத்தான் வருகிறார்களாம்.

பிறகு அந்த இடம் வந்தது. பிணங்கள் மாளிகையை நோக்கிப் போகும்போது சட்டென்று அத்தனை தலையும் இடது பக்கம் திரும்புகின்றன. முன்னால் மேவிஸ். வாய் பிளந்து, கண் பளபளக்க. கொட்டகை அலறிவிட்டது.

விளக்குப் போட்டதும் மேவிஸை மேடையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் டாக்டர் பிலிப்பா திரிங். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, காலேஜில் பாடம் சொல்கிற டாக்டர்.

"அந்தப் பார்வை இருக்கே! ஏழை ஜனங்க பணக்காரன் மாளிகையப் பாக்குற பார்வை. ஆயிரம் வருஷக் கோபம்! அப்போ உங்க மனசுல என்ன ஓடுச்சு, மிஸஸ் போக்காக்?"

மேவிஸ் மடியில் கையைக் கோத்துக்கொண்டு மகாராணி மாதிரி சொன்னாள்: "நீங்க சொன்னதேதான் டாக்டர். ஆயிரம் வருஷக் கோபம்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"பன்னு!" என்றேன். "கோபமாவது ஒண்ணாவது. டீ வண்டி வந்துச்சு. தள்ளிக்கிட்டு வந்தவன் நான். காலையிலேருந்து பட்டினி கிடந்த கூட்டம் பன்னப் பாத்துத் திரும்புச்சு. மறுபடி எடுக்கக் கையில பிலிம் இல்ல. அவ்வளவுதான் கதை!"

கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கோடாலிக்காரன் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தான்.

"ஐயா, இதுக்காகத்தான்யா இந்தப் படத்தக் கட்டிக்கிட்டு அழறோம்!"

படத்தைத் திருப்பி ஓட்டி நிறுத்தினார்கள். திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. வெள்ளைச் சட்டை. என்னுடையதுதான்.

"முழங்கை! முழங்கை!" என்று கொட்டகையே கூத்தாடியது. டாக்டர் மேடையை விட்டிறங்கி ஓடி வந்தாள். "தொழிலாளியோட முழங்கை! இந்தப் படத்தப் பத்தின என் புத்தகத்தையே மாத்தி எழுதணும்!" ஆளாளுக்கு என் முழங்கையைத் தொட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேடையைப் பார்த்தேன். மேவிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டு. கையில் மூடி கழற்றிய பேனா. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

கொட்டகையின் பின்பக்கம் ஒரு அம்மாள் வண்டியில் டீயும் பன்னும் விற்றுக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் குடும்மா, இதோ தந்துடறேன்" என்று பிடுங்கி, நடுவழியில் தள்ளிக்கொண்டு வந்தேன். சக்கரம் கிறீச்சிட்டது. கூட்டம் விலகியது.

மேவிஸ் தலையைத் திருப்பினாள். இடது பக்கம். மெதுவாக. வாய் திறந்தது. கண் பளபளத்தது.

யாரோ ஒருவன் கோப்பையை நழுவவிட்டான். பிறகு ஓவென்று கத்திக்கொண்டு எல்லாரும் மேடைக்கு ஓடி, படிக்கட்டு வந்ததும் நின்று, ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினார்கள். "நீங்க முதல்ல." "இல்ல, நீங்க." மேவிஸ் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

"அதே பார்வை!" டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "பன்னப் பாத்த அதே பார்வை!"

எழுதிக்கொள்ளட்டும். படித்தவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள். பன் கடைசி வரை வண்டியிலேயே கிடந்தது, அவள் பார்த்தது என்னை, அந்த ஆயிரம் வருஷக் கோபத்தோடு. வீடு வரைக்கும் காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டியவன் நான்.