வந்தவர் முதலில் பேசக்கூடாது

பாண்டித்துரை எழுந்தான். பல் தேய்த்தான். சவரம் செய்தான். ரொட்டியில் ஜாம் தடவித் தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். மனாமாவில் அன்று வெள்ளிக்கிழமை. துக்கம் விசாரிக்க எல்லோருக்கும் வசதியான நாள்.

மனைவி ஜோதிமணிக்கு ஊரில் காரியம் முடித்துவிட்டு இப்போதுதான் பஹ்ரைன் திரும்பியிருந்தான். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: கடைசியாக என்ன சொன்னாள்? தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ஒன்று சொன்னாள்தான். ஆனால் அது யார் அழுவதற்கும் உதவாது. அதனால் ஆளுக்கேற்ற அளவில் தைத்துக் கொடுத்தான். மாமியாருக்கு, “அம்மாவைப் பாத்துக்கங்க.” அக்காவுக்கு, “அக்கா பேச்சைக் கேளுங்க.” இங்கே மேல்மாடிக் கல்யாணசுந்தரத்துக்கு, “முருகா.” எல்லோரும் திருப்தியாக அழுதார்கள். தைத்துத் தைத்து அவள் நிஜமாகச் சொன்னதே மறந்துபோய்விடுமோ என்பதுதான் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே பயம்.

அலுவலகத்து எஸ்ரா வரப்போவது தெரிந்ததும் கல்யாணசுந்தரம் இணையத்தில் தேடி, ஒரு மதத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார்.

“யூதர்ப்பா அவர். ஒரே சாமி, உருவம் கிடையாது. சனிக்கிழமை அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க. பாலையும் கறியையும் சேர்த்துச் சாப்பிட மாட்டாங்க. சாவு விழுந்தா ஏழு நாள் தாழ உக்காரணும், கண்ணாடியெல்லாம் மூடணும், சட்டையைக் கிழிச்சுக்கணும்.”

“புதுச் சட்டையா சார், பழசா?”

“அது போடலை.”

எஸ்ரா இந்தத் தீவிலேயே பிறந்தவன். இங்குள்ள யூதர்கள் மொத்தமும் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். ஆறு நாளில் உலகத்தைச் செய்த கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்பது அவன் நம்பிக்கை. கம்பெனி இந்த வருடம்தான் சனிக்கிழமையை விடுமுறையாக்கிக் கடவுளோடு ஒத்துப்போயிருந்தது.

எஸ்ரா வந்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கல்யாணசுந்தரம் மூடியைத் திறந்து பார்த்தார். அவித்த முட்டை.

“துக்க வீட்டுக்கு முட்டையா!” என்று தமிழில் முனகினார்.

பாண்டித்துரை பாயில் உட்கார்ந்து காத்திருந்தான். வந்தவர்தானே முதலில் விசாரிக்க வேண்டும். எஸ்ரா தன் முழங்காலைப் பார்த்தான். ஏ.சி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கல்யாணசுந்தரம் இருமினார், வெயிலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கருத்துச் சொன்னார், யாரும் மறுக்காததால் காப்பி போட எழுந்து போனார்.

கடைசியில் பாண்டித்துரைக்கே பொறுக்கவில்லை. “ஏன் பாய், ஒண்ணும் கேக்கல?” என்றான் இந்தியில்.

எஸ்ரா பெருமூச்சு விட்டான். “அப்பாடா! துக்கப்படறவன் வாயைத் திறக்கிற வரைக்கும் வந்தவன் பேசக்கூடாது. எங்க வழக்கம். அந்த முட்டையும் அப்படித்தான்.”

“எங்க ஊர்ல வந்தவங்கதான் முதல்ல கேக்கணும்.”

“அப்ப ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்போம். நல்லவேளை, முட்டை இருக்கு.”

பாண்டித்துரைக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“எல்லாரும் என்ன கேட்டாங்க?” என்றான் எஸ்ரா.

“கடைசியா அவ என்ன சொன்னாள்னு.”

“நான் கேக்கல. தோணினா சொல்லு. இல்லேன்னா முட்டையைச் சாப்பிடு.”

அதற்குள் காப்பித் தட்டோடு கல்யாணசுந்தரம் வந்துவிட்டார். “முருகான்னுதான் சொன்னா, மகராசி” என்று எஸ்ராவுக்கு ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார்.

“இல்ல சார்” என்றான் பாண்டித்துரை. “அது உங்களுக்காக நான் சொன்னது.”

காப்பித் தட்டு அப்படியே நின்றது. கல்யாணசுந்தரத்தின் முகம் சுருங்குவதைப் பார்த்தான். மாமியாருக்கும் அக்காவுக்கும் இன்று மாலைக்குள் போன் போய்விடும். போகட்டும். எஸ்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னதை அவள் சொன்னபடியேதான் சொன்னான்.

“வெயில்லயா வண்டியைப் போட்டீங்க? சீட்டு சுடுமேங்க, உக்காரவே முடியாதே.”