இளவரசர் எண்ணாத இரண்டு கட்டங்கள்

எங்கள் இளவரசருக்குக் காத்திருக்கத் தெரியாது. வேட்டை நாயைக்கூட அதட்டி உட்கார வைத்துவிடலாம். நாங்கள் வாசிக்கும் ஒரு சிம்பொனியின் நடுப்பகுதியில் அவருடைய புல்லாங்குழல் இருபத்துநான்கு கட்டம், அதாவது இருபத்துநான்கு தாளச் சுற்று, சும்மா இருந்துவிட்டு அப்புறம் நுழைய வேண்டும். அவரோ இருபத்திரண்டு முடிந்ததுமே குழலைத் தூக்கிவிடுவார். அந்த முழங்கை எழுந்தவுடன் நாங்கள் பதினான்கு பேரும் மிச்சமிருக்கும் இரண்டு கட்டத்தை விழுங்கிவிட்டு அவர் இருக்கும் இடத்துக்குத் தாவிவிடுவோம். மூன்று வருடத்தில் முப்பது தடவையாவது தாவியிருப்போம். ஆல்டன்ரோட் அரண்மனையில் சோறு தின்ன வந்தவனுக்கு முதல் பாடமே அதுதான்.

என் பெயர் லோரன்ஸ் கீஸ்லிங். வாசிப்பது இரண்டாம் வயலின். மற்ற நேரத்தில் இசைத்தாள்களைப் படியெடுப்பேன், வேட்டை என்றால் துப்பாக்கியும் சுமப்பேன். அந்த சிம்பொனியை எழுதியவர் எங்கள் இசைக்குழுத் தலைவர் டெட்லிங்கர்; முதல் வயலின் வாசிப்பவரும் அவர்தான். பதினோரு வருடத்தில் நாற்பது சிம்பொனி எழுதிவிட்டார். ஒப்பந்தப்படி அத்தனையும் இளவரசர் சொத்து. அவர் உத்தரவில்லாமல் ஒரு தாள் வாசல் தாண்டக் கூடாது.

அந்த இரண்டு கட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. ஊதுகொம்புகள் இரண்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே வயலினைவிடக் கனத்த குரலுள்ள வயோலா மட்டும் மெல்ல இறங்கும். இப்போது வரும், இப்போது வரும் என்று குழலுக்காக எல்லோரும் காத்திருப்போம், அது வராது. டெட்லிங்கர் தன் மனைவி அப்பலோனியா இறந்த குளிர்காலத்தில் எழுதியது அது. எழுதியவர் காதால்கூட அதை ஒரு தடவை கேட்டதில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் இளவரசரைவிடப் பெரிய ஆளான டியூக்கின் அரண்மனையிலிருந்து ஸ்ட்ராலென்ஃபெல்ஸ் பிரபு வந்து இறங்கினார். அங்கே இசைத்தலைவர் இறந்துவிட்டார், ஆள் தேடுகிறார்கள். டியூக்கைக் குளிர்விக்க எங்கள் இளவரசருக்கும் ஒரு காரணம் இருந்தது. மகனுக்கு டியூக்கின் தங்கையைக் கேட்டிருந்தார். பிடித்திருந்தால் டெட்லிங்கரைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார். டெட்லிங்கருக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பொய்முடியைக் கழற்றுவார், மாட்டுவார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார்.

கச்சேரிக்கு முந்தின நாள் இளவரசருக்குப் பல் வலி. வைத்தியர் இரண்டு பல்லைப் பிடுங்கி எறிந்தார். கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது.

டெட்லிங்கர் என் அறைக்கு ஓடிவந்தார். "லோரன்ஸ்! அவரால வாசிக்க முடியாதாம்யா! கிலியான் வாசிக்கறான்!"

கிலியான் பந்தியில் சூப் ஊற்றுகிறவன். குழல் வாசிப்பான் என்பதால்தான் அவனை வேலைக்கே எடுத்தார்கள்.

"நாளைக்கு ஒரு பயலும் தாவக் கூடாது. எழுதினது எழுதினபடி. புரியுதா?"

"யாருக்காகத் தாவப்போறோம் ஐயா? அவரே வாசிக்கலையே!"

"அந்த ரெண்டு கட்டத்துக்காகத்தான்யா மத்ததெல்லாம் எழுதினேன். அதை மட்டும் அந்தப் பிரபு கேட்டுட்டாருன்னா போதும், நான் போயிடுவேன்" என்றார். நாற்பத்தெட்டு வயது மனிதர், கண் கலங்கியிருந்தது. அவர் போனால் நான் அநாதை. ஆனாலும் போகட்டும் என்றுதான் மனதார நினைத்தேன்.

மறுநாள் மதிய விருந்து முடிந்ததும் கச்சேரி. முன்வரிசையில் இளவரசர் வீங்கிய கன்னத்தைத் தலையோடு சேர்த்துத் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரபு. சூப் வாசனையோடு வந்து நின்ற கிலியான் என் காதருகே, "அண்ணே, கை நடுங்குது" என்றான்.

"சூப்பு ஊத்தும்போது நடுங்குச்சா? இதுக்கும் நடுங்காது. எண்ணிக்கிட்டே இரு."

முதல் பகுதி தீயாகப் போனது. நடுப்பகுதி வந்தது. நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. கொம்புகள் சுரத்தைப் பிடித்தன. அந்த நேரம் பார்த்து இளவரசருக்குக் கன்னம் சுரீரென்று இழுத்திருக்க வேண்டும். கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார். அந்த முழங்கை எழுந்தது.

என் வில் தாவிவிட்டது. நான் தாவவில்லை, சத்தியமாக நான் தாவவில்லை, கை தாவிவிட்டது. பதினான்கு பேரும் தாவியிருந்தார்கள். ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்த கிலியான் ஒருவன்தான் திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவனும் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

டெட்லிங்கரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிந்ததும் பிரபு எழுந்து நேராக அவரிடம் வந்தார். "அபாரம்! அந்த நடு இடம் இருக்கே, எல்லாம் அப்படியே அடங்கி நிக்குது, நாம மூச்சைப் பிடிச்சிருக்கோம், திடீர்னு குதிரை வேலி தாண்டுற மாதிரி ஒரு தாவல்! எங்க டியூக்குக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும். உங்களை எடுத்தாச்சு. வந்ததும் ஆறு சிம்பொனி எழுதுங்க, ஒவ்வொண்ணுலயும் அப்படி ஒரு தாவல் வேணும். இதோட பிரதியை இப்பவே கொடுங்க. நான் கேட்டது அப்படியே இருக்கணும். நாலு மணிக்கு வண்டி."

துணிக்குள்ளிருந்து இளவரசர் பெருமையாகத் தலையாட்டினார்.

படியெடுக்கும் அறையில் மூலப்பிரதியை மேசைமேல் விரித்து வைத்தோம். கீழே முற்றத்தில் குதிரைகளைக் கொண்டுவரும் சத்தம் கேட்டது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, நான்தான் முதல்ல தாவினேன். என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் தாவிட்டாங்க. வேணும்னா ரெண்டு அறை கொடுங்க."

"போய்யா" என்றார். சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் தெரியவில்லை. "நீ தாவினப்போ நான் ஏற்கெனவே அங்க போய் ஒக்காந்துட்டேன். உனக்கு முன்னாடி தாவினது என் வில்லு. எழுதினவனே நான், எனக்கே அந்த ரெண்டு கட்டம் ஞாபகத்துல இல்லை."

பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். "அந்த ரெண்டையும் அடிச்சிடு."

"என்னால முடியாது ஐயா. உங்க கையால நீங்களே அடிங்க."

டெட்லிங்கர் உட்கார்ந்தார். இருபத்துமூன்றைத் தேடிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. இருபத்துநான்கிலும் ஒன்று. கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை, நடுங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

மை ஈரமாக இருந்தது. அது உலர நான் மணலை எடுத்துத் தூவினேன்.