பரிசோதகர் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். அதுவும் அடுத்தவர் தலையில் அல்ல, சொந்தத் தலையில். ஓர் எழுத்துக்கூடக் கூட்டவில்லை. இரண்டொரு இடத்தில் கொஞ்சம் குறைத்திருக்கிறது, உள்ளதை உள்ளபடி சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் ஒருவர். இருபத்தேழு வருடமாக ஓடும் வண்டிக்குள் நடந்தே பிழைப்பவர். வண்டி முன்னால் போகும். இவர் கடைசிப் பெட்டியைப் பார்த்துப் பின்னால் நடந்துகொண்டிருப்பார். அதனால் எந்த ஊருக்கும் அதே வண்டியில் வந்த மற்றவர்களைவிடக் கால் மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேருவார். அவருடைய அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அந்தத் தகவலை யாரும் அவருடைய கால்களிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் மூன்று மணி ஆனால் அவர் வீட்டில் ஆட்கள் கூடிவிடுவார்கள். பிறந்தநாள், விசேஷம் என்று காரணம் எதுவும் கிடையாது. வாங்க என்று யாரும் அழைப்பதில்லை. வராவிட்டால் மட்டும் ஏன் வரலை என்று சண்டைக்குப் போவார்கள். மனைவியின் தோழியான நூலகர் அம்மாள் வருவார். ஆறு நாளும் நூலகத்தில் அடக்கி வைத்த சிரிப்பை ஏழாம் நாள் இங்கே வந்து மொத்தமாக அவிழ்த்துவிடுவார். அந்த அதிர்ச்சியில் சுவரில் மாட்டிய படங்கள் கோணலாகிவிடும். மனைவியின் தம்பி வருவான். சோபா விற்கும் கடையில் வேலை. உலகத்தில் யார் எங்கே எப்படி உட்கார்ந்தாலும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. கடைசியாகப் பல் டாக்டர் வருவார். பரிசோதகரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பரிசோதகர் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு உயிரோடிருக்கும் ஒரே சாட்சி அவர்தான்.

எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். பரிசோதகர் மட்டும் நடப்பார். டீ கொண்டு வருவார், டம்ளர் எடுத்துப் போவார், பிஸ்கட் தட்டை நீட்டுவார், கோணலான படத்தை நேராக்குவார், ஜன்னலைத் திறப்பார், வெயில் அடிக்கிறதே என்று மூடுவார், புழுங்குகிறதே என்று மறுபடி திறப்பார். ஒன்பது வருடம் இப்படி நடந்ததில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரை இரண்டு விரல் ஆழத்துக்குத் தேய்ந்து வாய்க்காலாகிவிட்டது. கூடத்தில் தண்ணீர் கொட்டினால் துடைக்க வேண்டியதில்லை, அதுவே சமையலறைக்குப் போய்விடும்.

அந்த ஞாயிறு மட்டும் மற்ற ஞாயிறு மாதிரி இல்லை. பல் டாக்டர் மருத்துவமனையைப் பூட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறி மகள் இருக்கும் நாட்டுக்குப் போகிறார். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. இதுதான் அவர் வரும் கடைசி ஞாயிறு.

காலையிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது டாக்டர் அண்ணன் பக்கத்துல உக்காருங்க."

"உக்கார மாட்டேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, உங்க காலு சொல்லுது. இத்தனை வருஷமா உங்கள அண்ணாந்து பாத்துப் பாத்து அவருக்குக் கழுத்துவலியே வந்துடுச்சு."

"சரி, உக்கார்றேன். எவ்வளவு நேரம்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம். அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல உங்ககிட்ட நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"வாஷிங் மெஷின் வாங்குறப்பவும் இதேதான் சொன்ன."

சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சுக்குள் பூனை புகுந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்கே டம்ளர்களைக் கழுவினார். ஒரு மணிக்கு, கழுவிய டம்ளர்களைக் கழுவினார். பால் போதுமா என்று பார்த்தார். போதும். மறுபடி பார்த்தார். அப்போதும் போதும். அது அவருக்கு இன்னும் கவலையாக இருந்தது. வேறு எதுவோ குறைகிறது, எது என்றுதான் தெரியவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பல் டாக்டர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியைத் தட்டினார். நிதானமான மனிதர். அவர் தொழிலில் எதிராளி உட்கார்ந்துதான் தீர வேண்டும், அவசரப்பட்டுப் பழக்கமில்லை.

"டேய் டிக்கெட், வா. ஒரு விஷயம் சொல்லணும்."

"இதோ வந்துட்டேன்" என்று பரிசோதகர் நாற்காலியை நோக்கி இறங்கினார். முக்கால்வாசி தூரம் இறங்கியிருப்பார். நாற்காலிக்கும் அவருக்கும் இடையில் ஒரு தீப்பெட்டி நுழையும் இடம்தான் பாக்கி. டாக்டரின் டீயில் ஆடை படிந்திருப்பது கண்ணில் பட்டது.

"ஐயய்யோ, ஆறிப்போச்சுடா!" டம்ளரோடு போய்விட்டார்.

"மாமா" என்று மச்சினன் குரல் கொடுத்தான். "எங்க கடையில வாங்கின சோபா, நாற்காலி எல்லாத்துக்கும் உக்காந்த தேதியிலிருந்து பத்து வருஷம் கேரண்டி. நீங்க உக்காரவே இல்லன்னா கேரண்டி எப்ப ஆரம்பிக்கிறது? கடையில எனக்கு அசிங்கமா இருக்கு."

"நீ உக்காந்திருக்கியேடா, அது போதாதா?"

"நான் விக்கிறவன் மாமா. விக்கிறவன் உக்காந்தா கணக்குல வராது."

நூலகர் அம்மாள் சிரித்தார். மூன்று படங்கள் கோணலாயின. பரிசோதகர் மூன்றையும் நேராக்கிவிட்டு வந்தார்.

இரண்டாவது முறை முழுதாகவே உட்கார்ந்தார். மூச்சு இரண்டு இழுப்பதற்குள் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் சொட்டவில்லை. மூன்றாவது முறை, வாசலில் செருப்புகள் ஒன்றோடொன்று ஏறிக் கிடக்கின்றனவே என்று நினைவு வந்தது. டாக்டர் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தார், மூடினார். இப்படி வாயைத் திறந்து மூட வைப்பது அவர் வேலை. அன்றைக்கு அது அவருக்கே நடந்தது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. நாலாவது முறை உட்கார்ந்ததும் பின்பக்கமாக வந்து தன் துப்பட்டாவால் அவர் இடுப்பை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"அண்ணா, இப்பப் பேசுங்க. ஆள் எங்கயும் போக முடியாது."

டாக்டர் தொண்டையைச் செருமினார். அதற்குள் நூலகர் அம்மாளுக்கு விக்கல் எடுத்தது. பரிசோதகர் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. முதுகில் நாற்காலியோடு, ஆமை மாதிரி குனிந்து, அதன் நாலு கால்களும் தரையில் டொக் டொக்கென்று இடிபட, சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நூலகர் அம்மாளின் விக்கல் தண்ணீர் குடிக்காமலே நின்றுவிட்டது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டுக்காரர். தனியாக இருக்கும் மனிதர், ஓய்வு பெற்ற நில அளவையர். ஒன்பது வருடமாகத் தபால் பெட்டியருகே தலையாட்டிக்கொண்டதோடு சரி. படியேறி வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. கையில் சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று பரிசோதகர் நாற்காலியோடு குனிந்து கைகூப்பினார். "சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு."

"சத்தத்துக்காக வரல சார். ஒரு சந்தேகம். உங்க வீட்டுல இன்னைக்குப் புதுசா நாலு காலு சேர்ந்திருக்கு. மரக்காலு. படத்துல அதை எப்படிப் போடுறதுன்னு தெரியல."

"எந்தப் படத்துல?"

அளவையர் காகிதத்தை டீ மேசைமேல் விரித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இந்த வீடேதான். வாசல், கூடம், சமையலறை, ஜன்னல், சோபா, எல்லாம் அங்குலம் பிசகாமல் வரைந்திருந்தது. உள்ளே ஒரு தடவைகூடக் கால் வைக்காத மனிதர், கீழே ஈசிச்சேரில் படுத்துக் கூரையைக் கேட்டுக் கேட்டே வரைந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கட்டைவிரல் தடிமனுக்குக் கறுத்திருந்தது.

"இது நம்ம சார்" என்று பரிசோதகரைக் காட்டினார்.

"இந்தப் புள்ளி யாரு?" என்றார் நூலகர் அம்மாள்.

"நீங்கம்மா. சிரிச்சு முடிக்கறப்ப குதிகாலால நாலு தட்டுத் தட்டுவீங்க. அஞ்சாவது தட்டு வந்தா நகைச்சுவை நிஜமாவே நல்லா இருந்திருக்குன்னு அர்த்தம். அதோ அது சோபாத் தம்பி, எப்பவும் முழங்காலை ஆட்டிக்கிட்டே இருப்பார்."

"விக்கிறவன் காலு அப்படித்தான் சார் இருக்கும்."

அளவையரின் விரல் ஜன்னலோரம் போய் நின்றது. அங்கே ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக நிறையக் கோடுகள், மழைத்தூறல் மாதிரி.

"இவர்தான் எனக்குப் புரியல. ஒன்பது வருஷமா இதே இடம். ஒரு காலு மேல இன்னொரு காலு. திடீர்னு ரெண்டு காலும் தரையில ஊனும், முன்னால நகரும், எதையோ சொல்லப் போற மாதிரி. உடனே சார் சமையல்கட்டுக்குப் போயிடுவார். இவர் மறுபடி காலைத் தூக்கிப் போட்டுக்குவார். போன ஞாயித்துக்கிழமை மட்டும் பதினோரு தடவை."

பல் டாக்டர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். பரிசோதகர் படத்தைப் பார்த்தார். அந்தத் தூறலை எண்ணத் தொடங்கி, முப்பதோடு நிறுத்தினார்.

அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். இருபத்தேழு வருடத்தில் அவர் கண்ட ஒரே உண்மை இதுதான்: வண்டி ஓடும்வரை ஒருவரும் இறங்க மாட்டார்கள். நின்றால் இறங்கிவிடுவார்கள். சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், விலாசம் எழுதிக் கொடுத்தவர்கள், பேரன் மாதிரி இருக்கிறாய் என்று கன்னத்தைக் கிள்ளியவர்கள், அத்தனை பேரும் வண்டி நின்றதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். இந்தக் கூடத்தையும் அவர் தன் காலால்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் நின்றுவிடும். நின்றால் யார் முதலில் இறங்குவார் என்பதுதான் இந்த வாரம் தெரிந்துபோயிருந்தது.

இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. "நான் உக்காந்தா எல்லாம் நின்னுடுமேய்யா" என்று மட்டும் முனகினார்.

"நிக்காது" என்றார் அளவையர். "நான் நடக்கறேன். எனக்கு வழி தெரியும்."

அவர் உடனே புறப்பட்டார். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் காலை உயர்த்தினார், ஆடும் தரைக்கல்லைத் தாண்டினார், சமையலறை வாசலில் லேசாக இடதுபக்கம் சாய்ந்தார். பரிசோதகர் எப்படிப் போவாரோ அப்படியே. உள்ளேயிருந்து டம்ளர்களின் சத்தம் வந்தது.

"சர்க்கரை டப்பா..." என்று மனைவி எழுந்தாள்.

"மேல்தட்டு, குதிகாலைத் தூக்கி எடுக்கணும். தெரியும்மா, உக்காருங்க."

அடியெடுத்து வைக்கும் சத்தம் போயிற்று, வந்தது. டீ வந்தது. பிஸ்கட் தட்டு நீண்டது. ஜன்னல் மூடியது, திறந்தது. பரிசோதகர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். மனைவி துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். அவர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரின் கால்கள் மட்டும் கீழே நடந்துகொண்டிருந்தன. பல் டாக்டர் தன் வலது பாதத்தை எடுத்து அவர் பாதத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"சொல்லுடா" என்றார் பரிசோதகர்.

"உன் மேல் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது. மூணு வருஷமா சொல்லணும்னு இருக்கேன். நீ நின்னுக்கிட்டுச் சிரிக்கிறப்பெல்லாம் கீழ இருந்து தெரியுது."

"அடப்பாவி, இதுக்கா பதினோரு தடவை?"

"அது மொத தடவை. மிச்சம் பத்து வேற."

"என்ன?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "அங்க பொண்ணு வீடு பெரிசு. எல்லா வசதியும் இருக்காம். ஆனா ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் செருப்பு மாட்டிக்கிட்டு எங்கடா போவேன்?"

பரிசோதகருக்கு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வர வேண்டும் போலிருந்தது. பாதம் அழுத்திக்கொண்டிருந்தது. போகவில்லை. டாக்டரின் டம்ளரை வாங்கி, ஆடை படிந்த டீயைத் தானே குடித்தார்.

பிறகு இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நூலகர் அம்மாள் ஐந்தாவது தட்டையும் தாண்டிவிட்டிருந்தார். ஆறு மணிவரை பேசினார்கள். கூடம் நிற்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை.

டாக்டர் எழுந்தபோது பரிசோதகரும் எழப் பார்த்தார்.

"எழுந்திருக்காத. நீ எழுந்தா நான் கிளம்புறதா ஆயிடும். உக்காந்தே இரு."

பரிசோதகர் உட்கார்ந்தே இருந்தார். டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போனார். கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பின்னும் பரிசோதகர் அசையவில்லை. மச்சினன் கடிகாரத்தைப் பார்த்து, கேரண்டி தொடங்கிய நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் ஆட்கள் கூடுகிறார்கள். கீழ்வீட்டு அளவையர் மூன்று மணிக்கு மேலே வந்து நடக்கிறார், பரிசோதகர் உட்காருகிறார்.

அந்த வீடு இருப்பது தரைத்தளத்தில். அதற்குக் கீழே மண்தான் இருக்கிறது.